வாலாட்டினவையும் வாக்குக் கொடுத்தவையும்

மகாவம்சத்தை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசித்துக்கொண்டு போனால், கண்டதும் காதல் என்ற சங்கதி முதன்முதலாக ஒரு சிங்கத்துக்குத்தான் வருகிறது. மனிசருக்கு அது வர இன்னும் கொஞ்சத் தூரம் போகவேண்டும். வந்த பிறகும் அது காதலா, காணி உறுதி எழுதுகிற வேலையா என்று பிரித்துப் பார்க்க மூளையைப் பாவிக்கவேண்டும். சிங்கத்தின் விசயத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

வங்க நாட்டு அரசனுக்கு ஒரு மகள், பெயர் சுப்பாதேவி. சாத்திரிமார் குறிப்பைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை மிருகராசனோடைதான் குடும்பம் நடத்தும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். செவ்வாய் தோசம் என்றால் பரிகாரம் இருக்கிறது, சிங்க தோசத்துக்கு எந்தக் கோயிலில் போய் நிற்பது? பெட்டையோ நல்ல வடிவு. வீட்டுக்குள் அடங்கி இருக்கிற ஆளும் இல்லை. ஒருநாள் ஒருவருக்கும் சொல்லாமல் அரண்மனையை விட்டு வெளிக்கிட்டு, மகத நாட்டுக்குப் போன வியாபாரிகளோடு சேர்ந்துகொண்டாள். லாட நாட்டுக் காட்டுக்குள்ளே அவர்கள் மேல் ஒரு சிங்கம் பாய்ந்தது. வியாபாரிகள் விழுந்தடித்து ஓடினார்கள். இவள் மட்டும் சிங்கம் வந்த வழியைப் பார்த்து நடந்தாள்.

இரையை எடுத்துக்கொண்டு திரும்பின சிங்கம் தூரத்தில் இவளைக் கண்டது. அவ்வளவுதான். காதைப் பின்பக்கம் மடித்து, வாலை ஆட்டிக்கொண்டு கிட்ட வந்தது. இதை எழுதின மகாநாம தேரர் துறவி. ஆனாலும் ஒரு மிருகத்துக்கு அன்பு வந்தால் அது எந்த உறுப்பிலே தெரியும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விகாரை வளவிலே ஒரு நாயாவது அவரோடு கூடித் திரிந்திருக்கும் என்பது என்னுடைய ஊகம். சுப்பாதேவிக்குச் சாத்திரிமாரின் பேச்சு ஞாபகம் வந்தது. பயப்படாமல் தடவிக் கொடுத்தாள். சிங்கம் அவளை முதுகிலே ஏற்றிக்கொண்டு குகைக்குப் போய்விட்டது.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். பெடியன் சிங்கபாகு, பெட்டை சிங்கசீவலி. சிங்கம் வேட்டைக்குப் போகும்போது குகை வாசலைப் பாறையால் அடைத்துவிட்டுப் போகும். இந்தக் காலத்தில் இதைச் செய்தால் பொலிசிலே முறைப்பாடு வரும், அதுவும் நியாயமான முறைப்பாடு. சிங்கத்தின் பக்கத்துப் பிழை இது ஒன்றுதான், சின்னப் பிழையும் இல்லை. மகனுக்கு 16 வயது வந்தபோது அவன் தாயிடம், "அம்மா, நீங்களும் அப்பாவும் ஏன் ஒருமாதிரி இல்லை?" என்று கேட்டான். தகப்பனின் பிடரிமயிர் அதுவரைக்கும் பிள்ளையின் கண்ணிலே படவில்லை. தாய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாறையைத் தள்ளி, தாயை ஒரு தோளிலும் தங்கச்சியை மற்றத் தோளிலும் தூக்கிக்கொண்டு எல்லைக் கிராமத்துக்கு வந்துவிட்டான். மூன்று பேருக்கும் உடுப்பு இலையும் குழையும்தான்.

அங்கே ஒரு ஆலமரத்தடியில் படைத்தலைவன் ஒருவன் இருந்து வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தான். "ஆர் நீங்கள்?" என்று விசாரித்தான். பார்த்தால் அவன் சுப்பாதேவியின் மாமன் மகன், சொந்த மச்சான்! உடுப்புக் கொடுத்தான், சோறு கொடுத்தான், பிறகு அவளையே கலியாணமும் செய்துவிட்டான். காட்டுக்குள்ளே ஒரு சிங்கம் தேடிக்கொண்டு நிற்கும் என்பது அந்தக் கலியாண வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சிங்கம் திரும்பி வந்து வெறும் குகையைப் பார்த்தது. சாப்பிடவும் இல்லை, தண்ணி குடிக்கவும் இல்லை. பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தது. அது தேடிப் போன ஊரெல்லாம் சனம் வெளிக்கிட்டு ஓடியது. அரசன் சிங்கத்தின் தலைக்கு விலை வைத்தான். 1000, பிறகு 2000, பிறகு 3000 பொன். முதல் இரண்டு தரமும் தாய் மகனை மறித்தாள். மூன்றாந்தரம் அவன் தாயைக் கேட்கவில்லை.

மகனைக் கண்டவுடன் சிங்கம் ஆசையோடு குகைக்கு வெளியே வந்தது. அவன் விட்ட அம்பு நெற்றியில் பட்டுத் திரும்பி அவன் காலடியிலேயே விழுந்தது. பாசம் இருக்கிற உடம்பிலே அம்பு ஏறாதாம். மூன்று தரம் இப்படி. அதற்குப் பிறகுதான் சிங்கத்துக்குக் கோபம் வந்தது, கோபம் வந்தவுடன் அம்பு ஏறிவிட்டது. 1961இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரா இதைச் 'சிங்கபாகு' என்று மேடையேற்றியபோது சபையை அழவைத்தவர் வெட்டின மகன் இல்லை, தேடித் திரிந்த தகப்பன். சிங்களம் விளங்காதவர்களும் அந்த இடத்தில் மூக்கைச் சிந்துவார்கள்.

இந்தச் சிங்கபாகு பிறகு தங்கச்சியையே கலியாணம் செய்து 32 பிள்ளைகளைப் பெற்றான். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மூத்தவன் விஜயன். தறுதலை என்றால் சாதாரணத் தறுதலை இல்லை. ஊர்ச்சனம் அரசனிடம் போய், "உன்ரை பிள்ளையைக் கொல்லு" என்று கேட்கிற அளவுக்குத் தறுதலை. தகப்பன் அவனையும் கூட்டாளிகள் 700 பேரையும் பிடித்து, பாதித் தலையை மழித்து, கப்பலில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டான். கப்பல் வந்து ஒதுங்கினது எங்களுடைய மேற்குக் கரையில். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையில் என்று பலர் சொல்லுவார்கள். அதாவது வன்னிக் காட்டின் கடற்பக்கத்து வேலி.

இனித்தான் நாய் வருகிறது.

இறங்கின இடத்தில் ஒரு மரத்தடியில் ஒரு தவசி இருந்தார். "இது என்ன தீவு?" "இலங்கை. இங்கே மனிசர் இல்லை." தண்ணி தெளித்து, எல்லார் கையிலும் நூலும் கட்டிவிட்டார். அவர் நூல் கட்டி முடிக்க ஒரு பெட்டைநாய் அந்தப் பக்கம் வந்தது. நாய் என்றது வேசம். உள்ளே இருந்தது குவேனி என்ற இயக்கியின் வேலைக்காரி, அவளும் ஒரு இயக்கி. விஜயன், "போகாதை" என்று மறிக்க மறிக்க ஒருத்தன் அதன் பின்னால் போனான். அவனுடைய கணக்கு இதுதான்: நாய் இருந்தால் ஊர் இருக்கும். எங்கள் பக்கத்தில் தேனெடுக்கப் போய்க் காட்டுக்குள்ளே வழி மாறினவர்களும் நாய் குரைக்கிற சத்தத்துக்குத்தான் காதைக் கொடுப்பார்கள். மனிசர் இல்லாத தீவு என்று தவசி சொல்லி வாய் மூடவில்லை, ஒரு நாயை நம்பி ஒருவன் வெளிக்கிடுகிறான். இலங்கைக்கு வந்த அந்தக் கூட்டத்திலே முதல் நல்ல அபிப்பிராயம் நாயின் மேல்தான் உண்டானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாய் போய் நின்ற இடத்தில் ஒரு குளம். பக்கத்து மரத்தடியில் குவேனி தவசிப் பெண் மாதிரி இருந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். வந்தவன் அவளைப் பார்த்து மயங்கினான் என்றெல்லாம் நூலில் இல்லை. குளித்தான், தண்ணி குடித்தான், தாமரைத் தண்டு பிடுங்கினான், வெளிக்கிட்டான். "நில், நீ என்ரை சாப்பாடு!" என்றாள். பாருங்கள், அவளுக்கும் காதல் இல்லை. கண்டதும் பசி. கையிலே நூல் கட்டியிருந்தபடியால் தின்ன முடியவில்லை. தூக்கிக் கிடங்குக்குள் போட்டாள். அவனைத் தேடி அடுத்தவன், அவனைத் தேடி மற்றவன் என்று 700 பேரும் ஒவ்வொருவராக வந்து ஒழுங்காகக் கிடங்குக்குள் போனார்கள். போன ஒருத்தனும் திரும்பி வரவில்லையே என்று யோசிக்க அந்த 700 பேரில் ஒரு தலைகூட இல்லை. பாதி மழித்ததோடு மற்றதும் போய்விட்டது போலும்.

கடைசியில் விஜயன் ஐந்து ஆயுதத்தையும் கட்டிக்கொண்டு வந்தான். குளத்தில் இறங்கின காலடி இருக்கிறது, ஏறின காலடி இல்லை.

"பொம்பிளை, என்ரை ஆக்களைக் கண்டனியோ?"

"ஆக்கள் என்னத்துக்கு ராசகுமாரா? தண்ணியைக் குடியுங்கோ, குளியுங்கோ."

அரைமொட்டையோடு நிற்கிற ஒருவனை முன்பின் தெரியாத பெண் 'ராசகுமாரா' என்று கூப்பிட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. இவள் இயக்கிதான் என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. கழுத்திலே சுருக்குப் போட்டு, இடக்கையால் தலைமயிரைப் பிடித்து, வலக்கையில் வாளை ஓங்கினான். "அடிமையே, என்ரை ஆக்களைத் தா, இல்லாட்டி வெட்டுவன்!"

இதுதான் எங்கள் சரித்திரத்தின் பேர்பெற்ற காதல் காட்சி. படம் கீறுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பூமரம், ஒரு நிலா எல்லாம் போடுவார்கள். நூலிலே இருப்பது சுருக்குக் கயிறு.

"என்னை உயிரோடை விடுங்கோ ஐயா. அரசு தாறன். பெண்டாட்டியாய் இருந்து பணிவிடையும் செய்யிறன்." இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். விஜயன் அவளிடம் சத்தியம் வாங்கினான், ஆட்களை மீட்டான். பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை, "இவங்களுக்குப் பசிக்குது." அவள் அரிசி எடுத்துக் கொடுத்தாள். கப்பலில் வந்த வியாபாரிகளை முன்னொரு காலத்தில் அவள் தின்றிருந்தாள், அவர்கள் கொண்டுவந்த அரிசி அது. 700 பேரும் காய்ச்சி வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். "ஆற்றை அரிசி இது?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சமைத்ததில் முதல் பங்கை விஜயன் அவளுக்குக் கொடுத்தான். அதிலே அவள் மனம் குளிர்ந்து, 16 வயதுக் குமரியாய் உருமாறி, நகை நட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இவ்வளவுக்கும் பிறகுதான் அவனுக்கு அவள் வடிவு என்று தெரிந்தது. சோற்றுக்குப் பிறகு வந்த காதல் அது. கண்டதும் என்று அதைச் சொல்லக்கூடாது, உண்டதும் என்றுதான் சொல்லவேண்டும்.

அன்றிரவே மேளச் சத்தம் கேட்டது. சிரிசவத்து என்ற இயக்கர் பட்டினத்திலே கலியாண வீடு, ஏழு நாள் கொண்டாட்டம். "இப்பவே போய் எல்லாரையும் வெட்டுங்கோ, இனி இப்பிடி ஒரு சந்தர்ப்பம் வராது" என்றாள் குவேனி. "கண்ணுக்குத் தெரியாத ஆக்களை எப்பிடி வெட்டுறது?" "அவை நிக்கிற இடத்திலை நான் சத்தம் போடுறன், சத்தத்தைப் பார்த்து வெட்டுங்கோ." சொந்தச் சனத்தின் கலியாண வீட்டைக் காட்டிக் கொடுத்தாள். அவன் வெட்டி முடித்து, இயக்க அரசனின் உடுப்பைப் போட்டுக்கொண்டான்.

ஊர்கள் எழும்பின. அமைச்சர்மார் முடிசூட்டுவோம் என்றபோது விஜயனுக்குத் திடீரென்று குலம் கோத்திரம் ஞாபகம் வந்துவிட்டது. அரச குலத்துப் பெண் பட்டத்து ராணியாக இல்லாமல் முடி வேண்டாமாம். வீட்டிலே ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முத்தும் மணியும் கட்டி மதுரைப் பாண்டியனுக்கு ஆள் அனுப்பினார்கள். இந்தக் கலியாணத்தில் பார்வையே கிடையாது. முகம் பார்க்காமல் பொதி பார்த்து முடிந்த காரியம். பாண்டியன் தன் மகளையும், ஆட்களுக்குக் கலியாணம் செய்ய வேறு பல பெண்களையும், யானை குதிரை தேரையும், 18 தொழிலாளர் குலத்தில் ஆயிரம் குடும்பத்தையும் அனுப்பி வைத்தான். எல்லாரும் வந்து இறங்கினது மாதோட்டத்தில். வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போனால் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்திலே அந்த இடத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

குவேனிக்கு விஜயன் சொன்னது: "நீ இனிப் போ. பிள்ளையளை விட்டிட்டுப் போ. மனிசருக்கு உங்கடை ஆக்களைக் கண்டால் பயம்." ஆயிரம் பொன்னில் படையல் வைக்கிறேன் என்றும் வாக்குக் கொடுத்தான். ஜீவனாம்சம் என்று இதைத்தான் சொல்வார்களோ தெரியாது. அவள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இயக்கர் ஊருக்குப் போக, "வேவு பார்க்க வந்திட்டாள்" என்று ஒருவன் ஒரே குத்திலே கொன்றான். பிள்ளைகள் காட்டுக்குள் ஓடித் தப்பினார்கள்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் என் அம்மம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சோறு போட்டவளைத் துரத்தினவன் உருப்பட்டவனோ?" மகாவம்சத்தின்படி அவன் தறுதலைக் குணத்தை விட்டு 38 வருசம் நல்லாய் ஆண்டான். மாமனாருக்கு வருசம் தவறாமல் விலைமதிப்பான முத்தும் அனுப்பினான். ஆனால் ராணி வயிற்றிலே பிள்ளை இல்லை. கடைசிக் காலத்தில் தம்பிக்குக் கடிதம் எழுதி, தம்பி மகனை வரவழைத்துத்தான் அரசைக் கொடுக்கவேண்டி வந்தது. இதைச் சொன்னால் அம்மம்மா, "ம்" என்று வெற்றிலையை மடிப்பார்.

நாய்க்கு என்ன நடந்தது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் தம்பி மகன் பண்டுவாசுதேவனுக்குப் பத்து ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு பெண். பெயர் சித்திரா. கண்டவர்களுக்கெல்லாம் விசர் பிடிக்கிற வடிவென்று 'உன்மாத' என்ற பட்டத்தையும் முன்னால் சேர்த்துவிட்டார்கள். அவள் பெறுகிற பிள்ளை மாமன்மாரைக் கொல்லுவான் என்று சாத்திரம். (இந்த நூலில் சாத்திரிமாரைச் சம்பளத்துக்கு வைத்துக் கலியாணம் குழப்பியிருக்கிறார்கள்.) ஒற்றைத் தூணில் மாளிகை கட்டி, உள்ளே ஒரு வேலைக்காரியும் வெளியே 100 காவல்காரரும் போட்டு அவளை அடைத்து வைத்தார்கள். சன்னலை மட்டும் அடைக்க மறந்துபோனார்கள். சன்னலால் ஒரு பெடியனைப் பார்த்தாள். நெஞ்சு பற்றிவிட்டது. "ஆரடி அவன்?" "உங்கடை மாமன் மகன்தான், தீககாமணி." மறுபடியும் மச்சான்! கண்டதும் காதல் என்று எழுதினாலும் முறை தவறாமல்தான் வருகிறது. பெடியன் இரவிலே கொளுவி ஏணி போட்டுச் சன்னலால் ஏறிவிட்டான். மனிசருக்குள்ளே கண்டதும் காதல் என்று மனமாரச் சொல்லக்கூடியது இந்தச் சன்னல் ஒன்றைத்தான் நான் கண்டேன்.

இவர்களுடைய மகன் பண்டுகாபயன். இவனுடைய கதையில்தான் எனக்குச் சுவாரசியம், ஏனென்றால் இங்கே ஒரு குதிரை வருகிறது. உடம்பு வெள்ளை, கால் சிவப்பு, ஒரு குளத்தங்கரையில் மேய்ந்து திரிகிற பெட்டைக் குதிரை. உண்மையில் அதுவும் ஒரு இயக்கி, பெயர் சேதியா. சேதி கேட்டதும் பண்டுகாபயனுக்கு அது வேணும் என்று நின்றுவிட்டது. பிடிக்கப் போனான். குதிரை குளத்தை ஏழு சுற்று ஓடியது. ஆற்றில் குதித்து ஏறி, மலையை ஏழு சுற்று ஓடியது. திரும்பக் குளத்தை மூன்று சுற்று, திரும்ப ஆறு. அவனும் விடவில்லை, பின்னாலேயே ஓடினான். இந்த நாட்டிலே ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்ணுக்காக இவ்வளவு தூரம் ஓடினதாக மகாவம்சத்தில் வேறு இடம் இல்லை. கடைசியில் துறையடியில் பிடரியைப் பிடித்தான், தண்ணியில் மிதந்து வந்த பனையோலை வாளாக மாறியது, ஓங்கினான்.

"அரசைப் பிடிச்சுத் தாறன் ஐயா, என்னைக் கொல்லாதேங்கோ."

குவேனியும் இதே நிலையிலே நின்று இதையேதான் சொன்னாள். அவள் ஒரு வசனம் கூடச் சொன்னாள், பெண்டாட்டியாய் இருக்கிறேன் என்று. சேதியா அந்த வாக்கைக் கொடுக்கவில்லை, குமரியாக உருமாறவும் இல்லை. குதிரையாகவே நின்றாள். அவன் வாள் நுனியால் மூக்கைக் குத்திக் கயிறு போட்டான். வலித்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அவள் முதுகிலே ஏறித்தான் மாமன்மாரோடு சண்டை பிடித்தான், வென்றான், அனுராதபுரத்தில் முடிசூடினான். முடிசூடிய பிறகு அவளைத் துரத்தினானா? இல்லை. அரண்மனை வளவுக்குள்ளேயே அந்தக் குதிரைமுக இயக்கிக்கு இடம் கொடுத்து, ஆண்டுக்கு ஆண்டு படையலும் வைத்தான்.

பெண்ணாக மாறினவளுக்குப் படலையைத் திறந்து விட்டார்கள், விலங்காகவே நின்றவளுக்கு உள்வளவில் இடம். மகாவம்சம் இதை நியாயம் என்றும் சொல்லவில்லை, அநியாயம் என்றும் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன், அநியாயம். ஆனால் சேதியா கெட்டிக்காரி.

எங்கள் பக்கத்து நூல்கள் மட்டும் திறமோ என்றால் அதுவும் இல்லை. ஒல்லாந்து அதிகாரி ஒருவர் கேட்டதற்காக மயில்வாகனப் புலவர் எழுதின யாழ்ப்பாண வைபவமாலையில், மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்கு நோயால் குதிரைமுகம். கீரிமலைத் தீர்த்தத்தில் முழுகி முகம் மாறினது. அதற்குப் பிறகுதான் உக்கிரசிங்கன் என்ற அரசன் அவளைக் கண்டு, ஆசைப்பட்டு, இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்கு முகம் எப்படி? சிங்கமுகம். குதிரைமுகத்தோடு அவள் திரிந்த காலத்தில் ஐயாவைக் காணவில்லை. தன்னுடைய முகத்தைத் தண்ணியில் பார்த்திருந்தால் கொஞ்சம் அவசரப்பட்டிருப்பார்.

வையாபாடல் சொல்லுகிறபடி, அந்த வம்சத்தில் வந்த அரசனுக்கு மதுரையிலிருந்து சமதூதி என்ற பெண்ணைக் கொண்டுவந்தபோது அவளோடு துணைக்கு 60 வன்னியர் வந்தார்கள். கலியாணம் முடிந்த பிறகு இவ்வளவு பேரை என்ன செய்வது? அடங்காப்பற்றை, அதாவது இந்த வன்னிக் காட்டை, ஆளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே வன்னியின் அரசியல் ஒரு கலியாண வீட்டுக்கு வந்த ஆட்களால் தொடங்கியது. பந்தியில் இடம் போதாமல் காட்டுப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொன்னால் கோபிக்காதீர்கள், சாப்பாட்டுக்கு நெல்லு அவர்களுக்கு இங்கேயிருந்துதான் போனது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருக்கும் வன்னி மேல் கண்டதும் காதல். வன்னி மேலே என்றது மரியாதைக்கு, காதல் யானை மேலே. வன்னியர் வருசா வருசம் திறையாக யானை கொடுக்கவேண்டும். பிடித்த யானைகளை ஆனையிறவால் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய், வெளியூர் வியாபாரிகளுக்கு விற்றுக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் திறை பாக்கி. "இந்த வருசம் ஆனை அம்பிடேல்லை ஐயா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற வன்னியர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. இரவிலே வயலுக்குள் இறங்குகிற யானையைக் கேட்டால் தெரியும், அம்பிட்டதா இல்லையா என்று. ஒல்லாந்தர் யானையைப் பார்த்த பார்வையில் விலை மட்டும்தான் இருந்தது, அது திரும்பி வாலாட்டவும் இல்லை.

பண்டாரவன்னியனைச் சொல்லாமல் விட்டால் வவுனியாவுக்குள் காலடி வைக்க முடியாது. அவருக்கு மாவட்டச் செயலகத்தடியில் சிலை இருக்கிறது. 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் அவரைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் ஒரு கல் நட்டார்கள். கல்லிலே தோல்வி மட்டும் இருக்கிறது. காதலைச் சேர்த்தது சனமும் நாடகக்காரரும். முல்லைமணி நாடகம் எழுதினார், கலைஞர் கருணாநிதி நாவலே எழுதினார். குருவிச்சி நாச்சியைப் பார்த்தவுடன் வீரனுக்கு நெஞ்சு இளகாவிட்டால் எங்கள் சனம் விடியும்வரை பாயில் இருக்குமா? அதே கதையில் காக்கைவன்னியன் வருகிறான். பண்டாரவன்னியனின் தங்கச்சி நல்லநாச்சியை அவனும் கண்டான், ஆசைப்பட்டான், கேட்டான். தரமாட்டோம் என்றார்கள். போய் வெள்ளைக்காரனுக்கு வழி காட்டிவிட்டான். வீட்டுக்குள் விடாத நாய் அன்றிரவும் அந்த வீட்டு வாசலில்தான் படுக்கும். பெண் கொடுக்காத வீட்டுக்கு மனிசன் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறான்.

கோவலன் மாதவியைக் கண்ட கதையும் இந்த வரிசையில் வரவேண்டியதுதான். முல்லைத்தீவில் அதைக் கூத்தாக ஆடுகிறார்கள். ஆனால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குக் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு அந்த மனிசனைப் பற்றிப் பகிடி விட எனக்குத் துணிவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு நானும் போகவேண்டும்.

ஒரு விசயம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துகிறேன். தேடித் திரிந்த சிங்கத்துக்குச் சரச்சந்திரா நாடகம் எழுதிவிட்டார். குவேனிக்கு ஹென்றி ஜயசேன எழுதினார். பண்டாரவன்னியனுக்கு நாடகம், நாவல், சிலை எல்லாம் இருக்கிறது. அந்தப் பெட்டைநாய்க்கு ஒன்றும் இல்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நாடகம் போடுகிற பிள்ளைகள் யாராவது அதற்கு ஒன்று எழுதுங்கள். செலவு பெரிதாக வராது. ஒரு நாய், ஒரு குளம், நூல் நூற்க ஒரு பெண், அரைமொட்டையோடு ஒரு பெடியன் போதும். 700 பேருக்கு எங்கே போவது என்று யோசிக்கவேண்டாம், அவர்கள் எல்லாரும் கிடங்குக்குள்ளேதான் இருக்கிறார்கள், சபைக்குத் தெரியாது.